அகழாய்வுக் குழியில் ஒரு நாள்: ஒரு சாண்கூட இறங்காதது ஏன்?

மார்ச் 2, காலை 10.15 (ஒரு வாசகரின் கேள்வி)

அகழாய்வு நடக்கும் இடம் ஒன்றில் ஒரு முழு நாள் நின்று பார்த்தேன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவுள்ள குழியில் ஆறேழு பேர் காலை முதல் மாலை வரை வேலை செய்தார்கள். நாள் முடிவில் தரை ஒரு சாண்கூட இறங்கவில்லை. பாதி நேரம் பெருக்குவதிலும் நூல் கட்டுவதிலும் எழுதுவதிலும் போயிற்று. பொருள்களை எடுப்பதுதானே நோக்கம்? மண்ணை வேகமாக வெட்டி வெளியே போட்டுச் சல்லடையில் சலித்தால் ஒன்றும் தப்பாதே. இந்தத் தாமதத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறதா, பழக்கத்தால் தொடர்கிறதா?

மார்ச் 2, இரவு 9.40

சலித்தால் பொருள் தப்பாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பொருள் எந்த மண்ணில் கிடந்தது என்ற செய்தி தப்பிவிடும், அகழாய்வு தேடுவதோ அந்தச் செய்தியைத்தான்.

குழிப் பொறுப்பாளராக வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வீட்டின் களிமண் தரை புதைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அதற்குக் கீழே அதைவிடப் பழைய மண்ணடுக்கு ஒன்று இருக்கிறது. வீடு கைவிடப்பட்டு நெடுங்காலத்துக்குப் பிறகு அங்கே வந்தவர்கள் குப்பை கொட்ட ஒரு பள்ளம் தோண்டி, அறியாமலே அந்தத் தரையைத் துளைத்துக் கீழ் அடுக்குக்குள் இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் காலத்துக் காசு ஒன்று பள்ளத்தின் அடியில் விழுகிறது. இப்போது அந்தக் காசு களிமண் தரைக்கும் கீழே, பழைய அடுக்கின் ஆழத்தில் கிடக்கிறது. ஆழத்தை மட்டும் அளப்பவர் காசு வீட்டைவிடப் பழையது என்று எழுதுவார். பள்ளத்தின் விளிம்பைக் கண்டவர் வீட்டைவிடப் புதியது என்று எழுதுவார். இருவர் கையிலும் இருப்பது ஒரே காசு. நீங்கள் பார்த்த அந்த நாள் பெரும்பாலும் அத்தகைய விளிம்புகளைத் தேடுவதில்தான் போயிருக்கும்.

மார்ச் 3, காலை 6.20

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓர் அடுக்கு எப்போது படிந்தது என்பதற்கு அதில் கிடைத்த பொருள்களில் மிகப் பிந்தியதே வரம்பு. அந்தப் பொருள் உருவாவதற்கு முன் அந்த அடுக்கு படிந்திருக்க முடியாது. ஆகவே பிற்காலப் பள்ளத்திலிருந்து ஒரே ஒரு பானை ஓடு தவறிப்போய் வேறோர் அடுக்கின் பொருள்களுக்கான பைக்குள் சேர்ந்துவிட்டாலும், ஓர் அடுக்கு முழுவதன் காலமும் அதனோடு சேர்ந்து நகர்ந்துவிடும்.

மார்ச் 3, இரவு 10.05

குழியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் இறங்கியதும் யாரும் வெட்டத் தொடங்குவதில்லை. முந்தைய மாலை போர்த்திய தார்ப்பாயை நீக்கி, இரவில் சுவர்களிலிருந்து உதிர்ந்த மண்ணை முதலில் அள்ள வேண்டும். உதிர்ந்த மண்ணில் கிடக்கும் ஓடு எந்த அடுக்குக்கும் உரியதாகாது. எவ்வளவு அழகான ஓடாக இருந்தாலும் அடுக்குத் தெரியாதது என்று எழுதிய சீட்டோடு தனிப் பையில்தான் போகும். பிறகு தரை முழுவதையும் கரண்டியால் சீவ வேண்டும். கொத்தனார் கரண்டியைவிடச் சிறியதும் தடித்ததுமான ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, தன்னை நோக்கி இழுத்து, மண்ணின் மேல்தோலை மட்டும் எடுப்பதுதான் அந்த வேலை. சீவிய இடத்தை மிதிக்காமல் குந்தியபடியே பின்னோக்கி நகர்ந்து வர வேண்டும். அப்படிச் சீவி முடித்த சிறிது நேரத்துக்கு மண் ஈரத்தோடு இருக்கும். வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்து ஒரே வெளிர் நிறமாகிவிடும். ஆகையால் அந்தக் காலை நேரத்தில் பார்ப்பதுதான் அன்றைய நாளின் முக்கியமான வேலை. அந்த நேரத்தில் குழியில் பேச்சுக் குறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாள் இப்படிச் சீவி முடித்தபோது, குழியின் வடமேற்கு மூலையில் முறத்தளவுக்கு ஒரு வளைவு தெரிந்தது. சுற்றியுள்ள மண் மஞ்சள் கலந்த பழுப்பு, வளைவுக்கு உள்ளே இருந்தது சற்றே சாம்பல் சாய்ந்த பழுப்பு. வேறுபாடு அவ்வளவு நுட்பமானது. நின்று பார்த்தால் தெரியும், குனிந்து பார்த்தால் மறையும். அது பள்ளத்தின் விளிம்பு என்றேன் நான். வெறும் ஈரத் திட்டு என்றார் உடனிருந்தவர். கைத்தெளிப்பானால் தண்ணீரைப் பனிபோல் தெளித்துவிட்டுக் காத்திருந்தோம். வெளிப்புறம் காய்ந்த பிறகும் உள்ளே கருமை நின்றது. அடுத்து கரண்டியை வெளியிலிருந்து உள்ளே இழுத்துப் பார்த்தோம். வெளியே சிறு சுண்ணாம்புக் கற்களில் உரசிக் கரகரவென்று ஒலித்த கரண்டி, வளைவைத் தாண்டியதும் ஓசையின்றி வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணும் காதும் கையும் ஒன்றையே சொன்ன பிறகுதான் ஆணி முனையால் மண்ணில் அந்தக் கோட்டைக் கீறினோம்.

கீறியதும் உள்மண் முழுவதையும் அள்ளுவதில்லை. நடுவில் நூல் கட்டி ஒரு பாதியை மட்டும் இறக்கி, மறுபாதியின் நிமிர்ந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளம் ஒரே மூச்சில் நிரப்பப்பட்டதா, மழையில் கரைந்து சிறுகச் சிறுக நிரம்பியதா, அதற்குள்ளேயே இன்னொரு பள்ளம் இறங்கியதா என்பதையெல்லாம் அந்த முகம்தான் காட்டும். அதைப் படம்பிடித்து, வரைந்து, மட்டம் எடுத்த பிறகே மறுபாதிக்குக் கை போகும். அன்றைக்கு நண்பகல் வரை நாங்கள் வெட்டியது முறத்தளவு வட்டத்தில் பாதி.

மார்ச் 4, பகல் 1.30

சுருக்கமாக, வேகத்தின் விளைவு பற்றி. கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய போர் நடந்த டிராய் நகரைத் தேடி, 1871 முதல் 1873 வரை ஹைன்ரிக் ஷ்லீமன் இன்றைய துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டின் குறுக்கே பெரும் அகழி வெட்டினார். ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பி மேலடுக்குகளை அகற்றிக்கொண்டே போனார். டிராய் மன்னன் பிரயாமின் புதையல் என்று அவர் அறிவித்த பொன் நகைகள், பிற்கால ஆய்வில் அந்தப் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய அடுக்கைச் சேர்ந்தவை என்று தெளிவாயின. அவர் தேடிய காலத்துக்கு உரிய கட்டடங்களில் ஒரு பகுதி, வழியில் அகற்றப்பட்ட மண்ணோடு போய்விட்டது. பொருள்கள் கிடைக்கத்தான் செய்தன என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 5, இரவு 8.50

கட்டுமானப் பணிக்கு முன்னால் நடக்கும் மீட்பு அகழாய்வுகளில் இயந்திரம் பயன்படுகிறதே என்று ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது உண்மை. மேல்மண் பலமுறை உழப்பட்டுக் கலங்கியிருந்தால், பல் இல்லாத அகன்ற வாளி பொருத்திய இயந்திரம் அதைச் சீவித் தரும். பக்கத்தில் தொல்லியலாளர் ஒருவர் நின்று ஒவ்வொரு சீவலையும் பார்த்துக்கொண்டிருப்பார், நிறம் மாறியதும் கையை உயர்த்தி நிறுத்துவார். கலங்கிய மண்ணைக் கரண்டியால் சீவிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆகவே மார்ச் 3 அன்று எழுதியதைப் படித்துவிட்டு, மெதுவாக இருப்பதே நல்ல அகழாய்வு என்று யாரும் கொள்ள வேண்டாம். ஒரு மீட்டர் தடிமனுக்கு வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலைக் கரண்டியால் சுரண்டுவது, அடுத்த அடுக்குக்கு வேண்டிய நாள்களை வீணாக்குவதாகும். அங்கே கடப்பாரையும் மண்வெட்டியும் எடுக்கத் தயங்கக் கூடாது. அதே வண்டலின் அடியில் ஒரு தரை தொடங்கும் இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடவும் தெரிய வேண்டும். எந்த நேரத்தில் எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்பதை வைத்துத்தான் நான் ஒரு குழிப் பொறுப்பாளரை மதிப்பிடுவேன்.

மார்ச் 6, காலை 7.10

பத்துப் பத்து சென்டிமீட்டராக இறங்கினால் போதாதா என்ற கேள்விக்கு.

சம தடிமனாக மண்ணை எடுத்துக்கொண்டு போவது அளப்பதற்கு எளிது. ஆனால் அடுக்குகள் சமதளமாகப் படிவதில்லை. சரிவில் சாய்கின்றன, சுவரோரம் மேலேறுகின்றன, பள்ளத்தில் தொய்கின்றன. சாய்ந்த அடுக்குகளைக் கிடைமட்டமாக வெட்டினால் ஒரே பத்து சென்டிமீட்டருக்குள் மூன்று காலத்து ஓடுகள் கலந்துவிடும். மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்றபோது இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1945இல் அரிக்கமேட்டில் அவர் அடுக்கு அடுக்காக வெட்டியதன் பயன் இன்றுவரை இருக்கிறது. இத்தாலியின் அரெட்சோவில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுப் பாண்டங்களின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் புழங்கியவை என்பது ஐரோப்பிய அகழாய்வுகளிலிருந்து முன்பே தெரிந்திருந்தது. அவற்றோடு அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதனால் ஒரு காலம் கிடைத்தது. தென்னிந்தியாவின் வேறு பல இடங்களில் அதே வகை ஓடுகளைக் கண்டவர்கள் தங்கள் அடுக்குகளுக்குக் காலம் சொல்ல முடிந்தது. அரிக்கமேட்டு மண்ணை மொத்தமாக வெட்டிச் சலித்திருந்தாலும் அந்த இத்தாலிய ஓடுகள் கிடைத்திருக்கும். பக்கத்தில் எது கிடந்தது என்பது மட்டும் தெரிந்திருக்காது.

மார்ச் 6, இரவு 9.25

காலைக் குறிப்பை மீண்டும் படித்தபோது அது ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. ஒரு மீட்டர் தடிமனுள்ள அடுக்கு கண்ணுக்கு ஒரே மண்ணாகத் தெரிந்தால், அதற்குள் பத்து பத்து சென்டிமீட்டராகப் பிரித்து எடுப்பது நல்ல வழக்கம். நமக்குத் தெரியாத பிரிவு ஒன்று உள்ளே இருந்தால், பிறகு ஓடுகளைப் பரப்பி வைத்துப் பார்க்கும்போது வெளிப்படக்கூடும். பழைய கற்காலத் தளங்களில், அடுக்குகள் தெளிவற்றிருக்கும்போது, இந்த முறையோடு ஒவ்வொரு கல்லின் முப்பரிமாண இடத்தையும் பதிவு செய்வார்கள். அடுக்கின் எல்லையைக் கடந்து போகாதவரை சம தடிமன் வெட்டில் குற்றமில்லை.

1973இல் எட்வர்ட் ஹாரிஸ் உருவாக்கிய வரைபட முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எது எதற்குப் பிந்தியது என்பதைக் கோடுகளால் இணைப்பது அது. பள்ளத்தை நிரப்பிய மண்ணுக்கு ஓர் எண், பள்ளத்தைத் தோண்டிய செயலுக்கு வேறோர் எண். இல்லாத மண்ணுக்கு எதற்கு எண் என்று புதியவர்கள் கேட்பார்கள். தோண்டியது ஒரு நாள், நிரம்பியது வேறொரு காலம்; இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள். மாலையில் குழியோரம் அமர்ந்து அந்தக் கட்டங்களை வரையும்போது ஏதேனும் ஒரு கோடு தன்னையே சுற்றி வந்து முட்டினால், அதாவது ஓர் அடுக்கு இன்னொன்றுக்கு முந்தியதாகவும் பிந்தியதாகவும் வந்துவிட்டால், மறுநாள் எந்த மூலையை மீண்டும் சீவிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மார்ச் 8, மாலை 6.45

முக்காலியில் வைத்த கருவியில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க, மற்றவர் அளவுகோலைப் பிடித்து நின்றது எதற்கு என்று கேட்டவருக்கு:

குழியின் தரை மேடு பள்ளமானது; அதிலிருந்து ஆழத்தை அளக்க முடியாது. உயரம் தெரிந்த நிலையான புள்ளி ஒன்றைக் குழிக்கு வெளியே வைத்திருப்பார்கள். அதன் உயரம் 52.40 மீட்டர் என்று கொள்வோம். அதன்மேல் அளவுகோலை நிறுத்திப் பார்க்கையில் 1.35 என்று தெரிந்தால், கருவியின் பார்வைக்கோடு 53.75 மீட்டரில் இருக்கிறது. பிறகு பொருள் கிடக்கும் இடத்தில் அளவுகோலை வைத்து 2.90 என்று படித்தால் பொருளின் உயரம் 50.85 மீட்டர். கருவியின் காலை யாரேனும் இடறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வந்த இடங்களில் இந்தக் கணக்கைக் கருவியே போட்டுவிடுகிறது. ஆனால் கழிக்கவும் கூட்டவும் தெரியாமல் அந்தக் கருவியைத் தொடுபவர்களை நான் விரும்புவதில்லை; நிலையான புள்ளியின் உயரத்தைத் தவறாகக் கொடுத்தால் அன்றைய எல்லா எண்களும் ஒழுங்காகவே தவறாக இருக்கும், பார்வைக்குத் தெரியாது.

மண்ணின் நிறத்தை எழுதும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீடு தரும் மன்செல் நிற அட்டையைப் பயன்படுத்துவதும் இப்படி ஒரு பொது அளவுக்காகத்தான். ஒருவர் பழுப்பு என்பதை இன்னொருவர் காவி என்பார், 10 ஒய்ஆர் 4/3 என்று எழுதினால் எங்கே இருப்பவருக்கும் ஒரே நிறம். மண் ஈரமாக இருந்ததா உலர்ந்திருந்ததா என்பதையும் உடன் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

மார்ச் 8, இரவு 11.00

இதைத் தனியாக எழுத விரும்பினேன். வளைவைக் கரண்டி ஓசையால் கண்டோம் என்று மார்ச் 3 அன்று எழுதினேன். கரண்டியை இழுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவர் தினக்கூலிக்கு வந்த ஒரு தொழிலாளி. ஆண்டு முழுவதும் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு இறுகிய மண்ணும் ஒருமுறை கிளறப்பட்ட மண்ணும் கைப்பிடியிலேயே தெரிந்துவிடுகின்றன. படித்து வந்தவர்கள் அந்த நுணுக்கத்தைப் பெறப் பல பருவங்கள் ஆகின்றன. ஆனால் அறிக்கைகளின் நன்றிப் பக்கத்தில் அவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள் என்ற ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுகிறார்கள். எந்த விளிம்பை யார் கண்டார், எந்த அடுக்கை யார் வெட்டினார் என்று குழிக் குறிப்பேட்டில் பெயரோடு எழுத வேண்டும். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பின்னாளில் ஓர் அடுக்கைப் பற்றி ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

மார்ச் 10, பகல் 12.20

பொருளே இல்லாத இடத்திலும் இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939இல் பேசில் பிரவுன் மண்மேடு ஒன்றைத் தோண்டியபோது, வரிசையாக இரும்பு ஆணிகள் தென்பட்டன. அமில மணலில் மரம் முழுவதும் அழிந்திருந்தது. அவர் ஆணிகளைப் பிடுங்கவில்லை. அவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, மணலில் பலகை விட்டுச்சென்ற கறையைப் பின்தொடர்ந்து உட்புறமாகச் சுரண்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலின் முழு வடிவமும் மணலில் வெளிப்பட்டது. மண்ணைச் சலித்திருந்தால் ஒரு கூடை துருப்பிடித்த ஆணிகள்தான் மிஞ்சியிருக்கும்.

மார்ச் 11, இரவு 9.15

கரித்துண்டு பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். கரி போன்றவற்றில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கும் ரேடியோகார்பன் முறையை வில்லார்ட் லிபி 1949இல் வெளியிட்ட பிறகு குழியில் கரிக்கு மதிப்புக் கூடியது. கரியை வெறுங்கையால் எடுக்காமல் சுத்தமான கரண்டி முனையால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிகிறார்கள். நம் கையின் எண்ணெயும் தாள், துணி நார்களும் இன்றைய கார்பனைச் சேர்த்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. எடுக்கும் முன் பார்க்க வேண்டியது வேறொன்று: எலி வளையோ வேர்த் துளையோ அந்த இடத்தில் இருக்கிறதா என்பது. வேர் கீழே இழுத்துச்சென்ற கரியை ஆய்வகம் மிகத் துல்லியமாக அளந்து கொடுக்கும். அது அந்த அடுக்கின் காலமாக இராது.

இன்னொரு சிக்கல், மரத்தின் கரி காட்டுவது அந்தக் கரித்துண்டிலுள்ள ஆண்டு வளையம் வளர்ந்த காலத்தை. நெடுநாள் வாழ்ந்த மரத்தின் நடுத்தண்டு எரிந்திருந்தால், அடுப்பு எரிந்த நாளுக்கும் அந்தக் காலத்துக்கும் இடையே நூறு ஆண்டுக்கு மேலும் இருக்கலாம். ஆகவே கருகிய தானிய மணி கிடைத்தால் அதையே அனுப்ப விரும்புவார்கள், அது ஒரே பருவத்தில் விளைந்தது. அதற்காகத்தான் அடுப்பு மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்த் தண்ணீரில் கலக்கி, மிதந்து வரும் கருகிய விதைகளை நுண் சல்லடையில் பிடிக்கிறார்கள். உங்கள் கேள்வியில் இருந்த சல்லடை இங்கே தேவையாகிறது, ஆனால் அந்த மூட்டையின் மேல் அடுக்கின் எண் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 12, காலை 6.50

சுவரை நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக வைத்திருப்பது எதற்கு என்பதற்கு: குழி இறங்க இறங்க, வெட்டிய அடுக்குகளின் ஓரம் சுவரில் மட்டுமே எஞ்சியிருக்கும். சரிந்த சுவரில் அடுக்கின் தடிமன் பொய்யாகத் தெரியும். ஆனால் ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் அளவுக்கு எடையுள்ளது. ஆழம் இடுப்பைத் தாண்டியதும் படிப்படியாக உள்வாங்கி வெட்டவோ முட்டுக் கொடுக்கவோ வேண்டும், அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும். அழகான வெட்டுமுகத்துக்காக ஆளைப் பணயம் வைக்கும் பொறுப்பாளரின் குழியில் யாரும் இறங்க வேண்டாம்.

மார்ச் 14, இரவு 8.30

மாலையில் எழுதுவதைப் பற்றிக் கேட்டவருக்கு. கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுத வேண்டும். சாம்பல் நிற மென்மண், கரித்துகள், எரிந்த எலும்பு என்பது கண்டது. அடுப்பு என்பது கருதியது. அடுப்பு என்று மட்டும் எழுதினால், பத்து ஆண்டு கழித்துப் படிப்பவர் அது குப்பைப் பள்ளமாக இருந்திருக்குமோ என்று சோதிக்க வழியில்லை. அந்த மண் இப்போது எங்கும் இல்லை, வெட்டியவுடன் அழிந்துவிட்டது. குழியை மூடிவிட்டுக் கூடாரத்தில் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடுவதை நான் அனுமதித்ததில்லை. குழியோரத்தில் எழுதும்போது ஐயம் வந்தால் இறங்கிப் பார்க்கலாம்.

மார்ச் 15, பகல் 2.10

குழிகளுக்கு நடுவே வெட்டாமல் விட்டிருந்த மண் வரப்புகளை என்ன செய்வீர்கள் என்று முதலில் கேள்வி எழுப்பிய வாசகரே மீண்டும் கேட்டிருக்கிறார். ஒரு சுவரோ தரையோ வரப்புக்கு அடியில் தொடர்ந்து போனால், வெட்டுமுகங்களை வரைந்து முடித்த பிறகு வரப்பையும் அடுக்கு அடுக்காக எடுப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். எடுக்கும்போது வேலை மிக வேகமாக நடக்கும். வரப்பின் இரு முகங்களிலும் அடுக்குகள் முன்பே தெரிகின்றன, எண்கள் எழுதிய சீட்டுகள் ஆணியில் தொங்குகின்றன, எங்கே நிறுத்த வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. குழிக்குள் வாரக்கணக்கில் எடுத்த அதே அடுக்குகளை, வரப்பில் இரண்டு பேர் ஒரே நாளில் அரை மீட்டர் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இருந்ததும் அதே சிறு கொத்தும் கரண்டியும்தான்.